குளிர்க்களஞ்சியத்தில் குளிர் குறைதல்: குளிர்பொருளின் பாதை அடைபட்டிருப்பதை அறியும் விதம்

களஞ்சிய அறையின் வெப்பமானி நாளுக்கு நாள் ஏறுகின்றது. கொம்பிரசர் ஓய்வின்றி ஓடுகின்றது. மின்சாரக் கட்டணம் உயர்கின்றது. உள்ளே அடுக்கிய விதைக்கிழங்கோ முளைகொள்ளத் தொடங்குகின்றது. திருத்துநரை அழைத்தால் அவர் அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, "காஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்கின்றார். இத்தீர்ப்பு சில வேளைகளில் சரியானதே. வேறு சில வேளைகளில் காஸ் சிறிதும் குறைந்திராது; அது செல்லும் வழியில் ஏதோ ஓரிடம் அடைபட்டிருக்கும். இவ்விரு குறைகளும் தாழ்ந்த அமுக்கத்தைக் காட்டும் மானியில் ஒரே தோற்றத்தையே தருவன. ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு பரிகாரம் தேடுதல் எளிதில் நேரக்கூடிய பிழையாகும். அப்பிழைக்கு விலை கொடுப்பவர் திருத்துநர் அல்லர். களஞ்சியத்தில் விதை இட்டிருக்கும் கமக்காரரே.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தம்புள்ளையில் திறக்கப்பட்ட 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுடைய களஞ்சியத்தைப் போன்ற பெரிய நிலையங்களில் பொறிகளைக் கவனிப்பதற்கெனத் தேர்ச்சி பெற்றோர் இருத்தல் இயல்பு. சங்கமொன்று அல்லது சில கமக்காரர் கூடி நடத்தும் சிறிய அறையில் அங்ஙனம் இல்லை. அங்கே திறப்பை வைத்திருக்கும் அங்கத்தவரே நாள்தோறும் பொறியைப் பார்ப்பவர். அவர் குழாய்களைத் திறக்கவோ காஸ் நிரப்பவோ முற்படலாகாது. ஆயினும் தம் கையினாலும் கண்ணினாலும் இரண்டு சிறிய வெப்பமானிகளினாலும் அவர் அறியக்கூடியவை பல உண்டு. அவற்றை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

விளைபொருளும் வெப்பநிலையும்

விதை உருளைக்கிழங்கை நீண்ட காலம் வைத்திருப்பதற்கு 2 முதல் 4 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை ஏற்றது. அதற்கு மேல் ஏறி 8 அல்லது 9 பாகையில் சில வாரங்கள் நிற்குமாயின் கிழங்கு உரிய காலத்துக்கு முன்னரே முளைக்கும். அறை சூடாகியும் குளிர்ந்தும் மாறிமாறி வருமாயின் கிழங்கின் தோலில் ஈரம் வியர்த்து, மென்னழுகல் பற்றுதற்கு இடமாகும். கரட்டும் கோவாவும் பூச்சியப் பாகையை அடுத்த குளிரை விரும்புவன. போஞ்சியோ 5 பாகைக்குக் கீழ் இறங்கினால் தோலிற் குழிவிழுந்து கெடும். தக்காளியும் கத்தரியும் அதனிலும் கூடிய வெப்பத்தை வேண்டுவன.

இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அறை சூடாகத் தொடங்கியவுடன் கட்டுப்பாட்டுத் திருகியை இன்னும் குளிர்ந்த பக்கத்துக்குத் திருப்பிவிடுதல் பலரது வழக்கம். பாதை அடைபட்ட பொறியில் இதனாற் பயனில்லை. கொம்பிரசர் இடைவிடாது ஓடும் என்பதே மிச்சம். அடைப்பு எதிர்பாராது நீங்கினாலோ, திருகி திருப்பிய இடத்திலேயே நிற்க, அறை வேண்டிய அளவிலும் கீழே போய்விடும். உருளைக்கிழங்கு பூச்சியத்துக்குக் கீழ் ஏறக்குறைய ஒரு பாகையில் உறையத் தொடங்கும். உறைந்த கிழங்கு விதைக்கு உதவாது.

பொறி வேலை செய்யும் முறை

குளிரூட்டும் பொறி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே அதன் தொழில். இதனைச் செய்வது குழாய்களுக்குள் அடைபட்டுச் சுற்றிவரும் குளிர்பொருள். இதனையே திருத்துவோர் காஸ் என்பர். திரவம் கொதித்து ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சும். எந்த வெப்பநிலையிற் கொதிக்கும் என்பது அமுக்கத்தைப் பொறுத்தது. ஆர் 134ஏ எனப்படும் குளிர்பொருள் திறந்த வெளியில் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகையிலேயே கொதித்துவிடும். மானியில் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல் அமுக்கம் இருக்குமாயின் பூச்சியத்துக்குக் கீழ் 4 பாகையிலும், 133 இறாத்தல் இருக்குமாயின் 40 பாகையிலும் கொதிக்கும்.

கொம்பிரசர் ஆவியை அமுக்கி வெளிச்சுருளுக்கு அனுப்பும். அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகும். திரவம் உலர்த்தி எனும் சிறு கலத்தினூடாகச் செல்லும். திருத்துவோர் இதனை டிரையர் என்பர். ஈரத்தையும் தூசையும் பிடித்துக்கொள்வது இதன் வேலை. அதன் பின்னர் விரிவு வால்வு என்னும் ஒடுங்கிய வாயில் வரும். அவ்வாயிலைத் தாண்டியவுடன் அமுக்கம் திடீரென வீழ்ந்து, திரவம் அறைக்குள் இருக்கும் உட்சுருளிற் கொதித்து வெப்பத்தை உறிஞ்சும். பின்னர் ஆவியாக மீண்டும் கொம்பிரசரை அடையும். நூல்களில் வெளிச்சுருளை ஒடுக்கி எனவும் உட்சுருளை ஆவியாக்கி எனவும் எழுதுவர்.

நெற்செய்கையாளருக்கு இதனைக் குளத்தையும் வாய்க்காலையும் கொண்டு விளக்குதல் எளிது. வெளிச்சுருளைக் குளமாகவும் விரிவு வால்வைத் துருசாகவும் உட்சுருளை வயலாகவும் கொள்க. கடைவயலில் நீர் வரவில்லை. குளத்தில் நீர் வற்றியிருத்தலும் காரணமாகலாம். நடுவே வாய்க்காலிற் சேறும் சல்வீனியாவும் அடைத்திருத்தலும் காரணமாகலாம். கடைவயலில் நின்று அதன் வறட்சியை மட்டும் பார்ப்பவன் எக்காரணம் என்று சொல்ல இயலாது. குளக்கட்டு வரை நடந்துபோய்ப் பார்ப்பவன் உடனே சொல்லிவிடுவான். வாய்க்கால் அடைத்திருந்தால் நீர் அடைப்புக்கு மேலே தேங்கி நிற்கும். குளம் வற்றியிருந்தால் மேலேயும் நீர் இராது. குளிரூட்டும் பொறியிலும் இதே வேறுபாடுதான் உண்மையை வெளிப்படுத்துவது. தாழ்ந்த அமுக்கத்தைக் காட்டும் மானி கடைவயலைப் போன்றது.

ஓரிடத்தில் மட்டும் இவ்வுவமை பொருந்தாது. குளத்து நீர் வெயிலில் வற்றும், வயலிற் செலவாகும். குளிர்பொருளோ செலவாவதில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் எண்ணெய் எரிந்து தீர்வது போன்று காஸ் தீர்ந்துபோகும் என எண்ணுதல் தவறு. மூடிய குழாய்களுக்குள் அது எத்தனை ஆண்டு ஓடினாலும் அவ்வளவே இருக்கும். உண்மையிற் குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. ஒழுக்குள்ள மூட்டில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். "ஆண்டுக்கொருமுறை காஸ் போட வேண்டும்" எனச் சொல்பவர் ஒழுக்கைத் தேடாமல் விட்டிருக்கின்றார், அல்லது அடைப்பை அறியாமல் இருக்கின்றார்.

முதலிற் காற்றைப் பார்த்தல்

குழாய்களுக்குட் செல்லும் பொருளைப்பற்றி ஐயுறுமுன், அவற்றின் வெளியே செல்லும் காற்றைப் பார்த்தல் வேண்டும். உட்சுருளின் மின்விசிறி நின்றுபோயிருந்தாலும், சுருளின் முகம் முழுவதும் பனிக்கட்டி மூடியிருந்தாலும், பெட்டிகளை விசிறியின் முன்னே நெருக்கி அடுக்கியிருந்தாலும் அறை குளிராது. அமுக்கமும் தாழ்ந்தே காணப்படும். ஆயினும் இங்கே பனி உட்சுருள் முழுவதையும் மூடி, திரும்பு குழாய் வழியே கொம்பிரசர் வரையும் வந்துவிடுதல் உண்டு. குளிர்பொருள் தாராளமாக வருகின்றது, அதற்கு வெப்பம் கொடுக்கக் காற்று இல்லை என்பதே இதன் பொருள்.

குளிர்பொருளின் பாதை அடைபட்ட பொறியில் நிலைமை மறுதலையானது. உட்சுருளின் தொடக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் பனி படிந்திருக்கும்; எஞ்சிய பகுதி உலர்ந்தும் வெப்பமாகவும் இருக்கும். திரும்பு குழாய் அறையின் வெப்பத்தையே கொண்டிருக்கும். காஸ் குறைந்த பொறியிலும் இத்தோற்றமே காணப்படுமாதலால், இவ்விரண்டையும் மேலும் பிரித்தறிய வேண்டும்.

குளிர் தொடங்க வேண்டிய இடம் ஒன்றே

இப்பிரசுரத்தில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைப்பதாயின் அது இதுவே: வெளிச்சுருளை விட்டு வரும் திரவக் குழாய் விரிவு வால்வு வரைக்கும் இளஞ்சூடாகவே இருத்தல் வேண்டும், குளிர் அவ்வால்விலேயே தொடங்க வேண்டும். அதற்கு முன்னே எங்கேனும் குழாய் திடீரெனக் குளிர்ந்திருந்தாலும், வியர்த்திருந்தாலும், பனி படிந்திருந்தாலும் அவ்விடத்திலேயே அடைப்பு உளது. ஒடுங்கிய துளையைத் தாண்டும் திரவத்தின் ஒரு பகுதி அமுக்கம் இழந்து ஆவியாவதால் அங்கே குளிர்ச்சி உண்டாகின்றது. அடைப்பு என்பது எவரும் வைக்காத ஒரு விரிவு வால்வு எனலாம்.

ஆகவே வெளிச்சுருளின் வெளிவாயிலிற் கையை வைத்துக் குழாயைத் தொடர்ந்து செல்க. கொம்பிரசரிலிருந்து வெளிச்சுருளுக்குப் போகும் குழாயைத் தொடுதல் ஆகாது. அது கையைச் சுட்டுவிடும். விசிறியின் அலகுகளிலும் கவனம் வேண்டும். உலர்த்தியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தொட்டுப் பார்க்க. நல்ல நிலையிலுள்ள உலர்த்தியில் இவ்விரண்டுக்கும் கையால் உணரத்தக்க வேறுபாடு இராது. இரண்டு வெப்பமானிகளைக் குழாயோடு சேர்த்துத் துணியாற் சுற்றிக் கட்டிப் பார்த்தால் ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு காணல் அரிது. இரண்டு பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு இருப்பின் உலர்த்தியை ஐயுற வேண்டும். பின்பக்கம் வியர்த்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

உலர்த்தியோடு நின்றுவிடாது, குழாயில் வளைவு நசுங்கிய இடங்களையும் மின்காந்த வால்வையும் பார்த்தல் வேண்டும். பெட்டி ஏற்றும் தள்ளுவண்டி மோதிச் செப்புக்குழாய் மடிந்துபோதல் களஞ்சியங்களில் நேரக்கூடியதே. மடிப்பின் மேல் காப்புறை போர்த்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கைக்கே தெரியும். சில பொறிகளில் திரவக் குழாயும் திரும்பு குழாயும் வேண்டுமென்றே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அங்கே திரவக் குழாய் சிறிது சிறிதாகத் தணிந்து வரும், திடீரெனத் தணியாது. இதனை அடைப்பெனக் கொள்ளலாகாது.

ஒரு குறிப்பையும் இங்கு சேர்க்க வேண்டும். அடைப்புச் சிறிதாயின், அதற்கு முன்னே திரவம் நன்கு தணிந்து தேங்கி நிற்பதால் அமுக்கம் ஓரளவு குறைந்தும் ஆவி தோன்றாது. வெப்பநிலையிலும் மாற்றம் காணாது. ஆகவே கைக்கு ஒன்றும் புலப்படவில்லை என்பதால் மட்டும் பாதை சுத்தமாக உளது எனத் துணிதல் கூடாது.

மானி கூறுவதும் கூறாததும்

திருத்துநர் வந்து மானிகளைப் பொருத்தும்போது அருகில் நின்று பார்க்க. தாழ்ந்த பக்கத்து மானியை மட்டும் பார்த்துவிட்டுக் காஸ் போத்தலை எடுப்பவரைத் தடுத்து, உயர்ந்த பக்கத்தையும் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளலாம். அதற்கு மேலும் ஒன்று வேண்டும். வெளிச்சுருளை விட்டு வரும் திரவக் குழாயின் வெப்பநிலையை அளந்து, உயர்ந்த அமுக்கத்துக்குரிய கொதிநிலையோடு ஒப்பிடுதல் வேண்டும். குளக்கட்டு வரை நடந்து போதல் என முன்னர்க் கூறியது இதனையே.

கொதிநிலை 40 பாகையாக இருக்கையில் குழாய் 34 பாகையாக இருந்தால் திரவம் 6 பாகை தணிந்துள்ளது. 4 முதல் 8 வரையான தணிவு பெரும்பாலான சிறிய பொறிகளுக்கு இயல்பானது. தணிவு ஒன்று அல்லது பூச்சியமாக இருந்தால் வெளிச்சுருளில் திரவம் தேங்கவில்லை. காஸ் குறைந்துள்ளது, ஒழுக்கைத் தேடுக. தணிவு 10 அல்லது 12 எனக் கூடியிருந்தும் தாழ்ந்த பக்கத்து அமுக்கம் குறைந்தே இருந்தால், திரவம் வெளிச்சுருளில் நிறைந்து நின்று செல்ல வழியின்றித் தவிக்கின்றது. அங்கே மேலும் காஸ் நிரப்புவது, அடைத்த வாய்க்காலைத் தோண்டாது குளத்துக்கு நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

திரவம் சேரும் தனிக்கலம் பொருத்தப்பட்ட பொறிகளில் தேங்கிய திரவம் அக்கலத்துள் மறைந்துகொள்ளும். அவற்றில் தணிவு மிகக் கூடாது, இயல்பான அளவிலேயே நிற்கும். அங்கும் அது பூச்சியத்துக்கு இறங்காது என்பதே அறிகுறி.

பாதை அடைபட்டால் உயர்ந்த பக்கத்து அமுக்கம் ஏறிவிடும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். பெரும்பாலும் அது ஏறுவதில்லை. சிறிது குறைதலும் உண்டு. உட்சுருளுக்குப் போகும் குளிர்பொருள் குறைவதால் கொம்பிரசர் அமுக்கி அனுப்பும் ஆவியும் குறைகின்றது. வெளியேற்ற வேண்டிய வெப்பமும் குறைகின்றது. இவ்வெதிர்பார்ப்பினாலேயே அனுபவமுள்ளவர்களும் ஏமாறுகின்றனர்.

பார்வைக் கண்ணாடி

பல பொறிகளில் உலர்த்திக்குப் பின்னே ஒரு சிறு கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும். அதிற் குமிழிகள் ஓடக் கண்டால் உடனே காஸ் குறைவு என்பர். குமிழி காண்பது, அவ்விடத்துக்கு வரும் திரவத்தோடு ஆவி கலந்திருக்கின்றது என்பதை மட்டுமே காட்டும். காஸ் குறைந்தாலும் கலக்கும். கண்ணாடிக்கு முன்னுள்ள உலர்த்தி அடைத்தாலும் கலக்கும். எனவே குமிழியைக் கண்டவுடன் உலர்த்தியின் இரு பக்கங்களையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கண்ணாடி குமிழியின்றித் தெளிவாக இருந்தும் உட்சுருள் பட்டினி கிடந்தால், அடைப்பு கண்ணாடிக்கு அப்பால் உளது: மின்காந்த வால்வில், அல்லது விரிவு வால்வின் வாயிலிலுள்ள வலைவடியில், அல்லது வால்விலேயே. கண்ணாடியின் நடுவிலுள்ள நிறப்புள்ளி ஈரத்தைக் காட்டுவது. அநேகமான கண்ணாடிகளிற் பச்சை உலர்ந்த நிலையையும் மஞ்சள் ஈரத்தையும் குறிக்கும். ஓரத்தில் அச்சிட்ட குறிப்பைப் பார்த்து உறுதி செய்க.

வந்து வந்து போகும் அடைப்பு

சில பொறிகள் காலையில் நன்றாகக் குளிரூட்டி, இரண்டு மூன்று மணித்தியாலத்தின் பின் குளிரை இழக்கும். நிறுத்திவைத்துச் சில மணித்தியாலம் கழித்து ஓட்டினால் மீண்டும் நன்றாக ஓடும். பின்னர் மறுபடியும் இழக்கும். இது குழாய்க்குட் புகுந்த நீரின் செயலாகும். குளிர்பொருளோடு சுற்றிவரும் ஈரம் விரிவு வால்வின் துளையில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கின்றது. பொறி நின்றதும் கட்டி உருகி வழிவிடுகின்றது. வால்வில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் இறங்கும் பொறிகளிலேயே இது நிகழும். தூசு அடைத்தால் இவ்வாறு தானே நீங்குவதில்லை.

இதனைச் சோதித்தல் எளிது. பொறி குளிரை இழந்திருக்கும் வேளையில், சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை வால்வின் மேற் சுற்றுக. சிறிது நேரத்தில் சீறும் ஒலி கேட்டு, தாழ்ந்த பக்கத்து அமுக்கம் துள்ளி ஏறினால் அடைத்திருந்தது பனிக்கட்டியே. எக்காரணத்தைக் கொண்டும் தீச்சுவாலையைப் பயன்படுத்தலாகாது. புதிய சிறு பொறிகள் சிலவற்றில் தீப்பற்றும் குளிர்பொருள் இடப்பட்டுள்ளது. தீப்பற்றாத வகைகளும் சுவாலையிற் பட்டால் நச்சு வாயுக்களாக மாறும்.

ஈரம் தானே உள்ளே புகுவதில்லை. முன்னர்ச் செய்த திருத்த வேலையின்போது, குறிப்பாக மாரிகாலத்தில், குழாய்களைத் திறந்து வைத்திருந்து, வெற்றிடப் பம்பியால் நன்கு உறிஞ்சாது மூடியதன் விளைவே இது. பற்றவைக்கும்போது குழாயினூடாக நைதரசனைச் செலுத்தாவிடின் செப்பின் உட்புறத்திற் கரிய செதில் உண்டாகும். அது பின்னர் உதிர்ந்து உலர்த்தியையும் வலைவடியையும் அடைக்கும். மூன்று மாதத்தின் பின் தோன்றும் அடைப்பு அன்றைக்கே விதைக்கப்பட்டதாகும்.

விரிவு வால்வின் குமிழ்

விரிவு வால்விலிருந்து மெல்லிய குழாயொன்று சென்று, உட்சுருளின் வெளிவாயிலில் கட்டப்பட்ட சிறு குமிழில் முடியும். அக்குமிழில் அடைத்துள்ள பொருள் சூடானால் வால்வு திறக்கும், குளிர்ந்தால் ஒடுங்கும். மெல்லிய குழாய் உராய்ந்து அறுந்து அப்பொருள் வெளியேறிவிட்டால் வால்வு மூடியே நிற்கும். இதுவும் ஓர் அடைப்பே. ஆயின் தூசும் இல்லை, ஈரமும் இல்லை. குமிழைக் கழற்றி உள்ளங்கையிற் பொத்தி வைத்துக்கொள்க. ஓரிரு நிமிடத்தில் தாழ்ந்த பக்கத்து அமுக்கம் ஏறினால் வால்வு உயிரோடு உளது. ஏறாவிடின் குமிழ் வெறுமையானது, அல்லது வால்வு இறுகிவிட்டது, அல்லது அதன் வாயில் வலை அடைத்துள்ளது. சோதனை முடிந்ததும் குமிழை முன்பிருந்த இடத்திலேயே இறுகக் கட்டிக் காப்புறையிட வேண்டும். தளர்வாகக் கட்டினால் வால்வு அளவுக்கு மேல் திறந்து, திரவம் கொம்பிரசருக்குட் புகுந்து அதன் வால்வுத் தகடுகளை முறித்துவிடும்.

ஓர் உதாரணம்

சேமிப்புக் கலம் இல்லாத சிறிய பொறியொன்று, ஆர் 134ஏ இட்டது, விதைக்கிழங்கு அறையொன்றை 3 பாகையில் வைத்திருந்ததெனக் கொள்வோம். தாழ்ந்த அமுக்கம் வழக்கமாக 22 இறாத்தல். ஒரு வாரத்தில் அறை 9 பாகைக்கு ஏறிவிட்டது. வெளிக்காற்று 27 பாகையாயிருந்த காலைப்பொழுதில் மானி 6 இறாத்தலைக் காட்டுகின்றது. அதாவது உட்சுருளில் எஞ்சிய சிறிதளவு திரவம் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையிற் கொதிக்கின்றது. திருத்துநர் ஒரு கிலோகிராம் காஸ் நிரப்புகின்றார். தாழ்ந்த அமுக்கம் 9க்கு ஏறுகின்றது. அறை 7 பாகைக்கு இறங்குகின்றது. அனைவரும் மகிழ்கின்றனர்.

இத்தேற்றம் எங்கிருந்து வந்தது? கூடிய காஸ் வெளிச்சுருளில் நிரம்பி, உயர்ந்த பக்கத்து அமுக்கத்தை 133 இலிருந்து 170க்கு ஏற்றிவிட்டது. அவ்வமுக்கம் அடைப்பினூடாகச் சிறிது கூடுதலான திரவத்தைத் தள்ளியது, அவ்வளவே. மின்சாரம் கூடுதலாகச் செலவாகின்றது. கொம்பிரசரைக் குளிர்விப்பது திரும்பி வரும் ஆவியே. அது குறைவாக வருவதால் கொம்பிரசர் சூடேறுகின்றது. நான்கு நாளில் அறை மறுபடி ஏறுகின்றது. மீண்டும் காஸ் நிரப்பியதும் உயர் அமுக்க ஆளி பொறியை நிறுத்திவிடுகின்றது. இதற்குள் மேல்வரிசைப் பெட்டிகளில் முளை வந்துவிட்டது.

முதல் நாளிலேயே வெப்பமானியைக் கட்டியிருந்தால் என்ன கண்டிருக்கலாம்? உயர்ந்த அமுக்கம் 133. அதற்குரிய கொதிநிலை 40 பாகை. திரவக் குழாய் 30 பாகை. ஆகவே தணிவு 10. காஸ் குறைவில்லை என்பது இங்கேயே தெளிவு. உலர்த்தியின் முன்பக்கம் 30, பின்பக்கம் 19. ஆர் 134ஏக்கு 19 பாகை என்பது ஏறக்குறைய 66 இறாத்தலைக் குறிக்கும். உலர்த்தி ஒன்றே வந்த அமுக்கத்திற் பாதியை விழுங்கிவிட்டது. ஓர் உலர்த்தியை மாற்றுதலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இது. இப்போதோ கூடுதலாக இட்ட காஸையும் வெளியே எடுக்க வேண்டியுளது.

திருத்துநரிடம் கேட்க வேண்டியவை

அடைப்பு எனத் துணிந்தபின், உள்ளிருக்கும் காஸை வெறுங் காற்றில் விடாது போத்தலிற் சேகரிக்குமாறு கேட்க. இது சூழலை மட்டும் கருதிய பேச்சன்று. பழைய பொறிகளில் உள்ள ஆர் 22 வகையை, மொன்றியல் உடன்படிக்கையின்படி இலங்கை போன்ற வளர்முக நாடுகள் 2025 முதல் அடிப்படை அளவிலிருந்து நூற்றுக்கு 67.5 பங்கு குறைக்க வேண்டியுளது. 2030 முதல், திருத்த வேலைகளுக்கான சிறிதளவு தவிர, முற்றாக நிறுத்த வேண்டியுளது. விரயமாகும் ஒவ்வொரு கிலோகிராமும் பின்னர்க் கிடைத்தற்கு அரிதாகும்.

குழாய் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய உலர்த்தி இடல் வேண்டும். பழையதைக் கழுவி இடுதல் பயனற்றது. அதன் மேலுள்ள அம்புக்குறி திரவம் செல்லும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். பற்றவைக்கையில் நைதரசன் செலுத்தப்படுகின்றதா எனப் பார்க்க. வெற்றிடத்தை மின்மானியால் அளந்து 500 மைக்கிரோன் வரை இறக்கி, பம்பியை நிறுத்திய பின்னும் அது ஏறாது நிற்கின்றதா எனக் காட்டுமாறு கேட்க. இறுதியாக, காஸைப் பொறியின் தகட்டில் எழுதிய நிறைப்படி தராசில் நிறுத்து இடல் வேண்டும். "மானியைப் பார்த்தே போட்டுவிடலாம்" என்பவரிடம், மானி நம்மை ஒருமுறை ஏமாற்றிவிட்டது என்பதை மரியாதையோடு நினைவூட்டுக. கொம்பிரசர் எரிந்து மாற்றப்பட்ட பொறியில், கரியும் அமிலமும் நீங்கும்வரை உலர்த்தியை ஒருமுறைக்கு மேலும் மாற்ற நேரிடலாம். அதனைத் திருத்துநரின் பேராசையெனக் கருதலாகாது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் விரிவு வால்வுக்குப் பதிலாக மிக நுண்ணிய மயிர்த்துளைக் குழாய் இருக்கும். அதுவும் ஈரத்தினாலோ செதிலினாலோ அடைபடும். கொம்பிரசர் நின்றபின் இரு பக்கத்து அமுக்கமும் சில நிமிடங்களில் அக்குழாயினூடாகச் சமனாதல் இயல்பு. அடைப்பிருந்தால் சமனாகாது, மறுபடி தொடங்கும்போது கொம்பிரசர் முனகிவிட்டுக் "கிளிக்" என்ற ஒலியோடு நின்றுவிடும்.

குறிப்புப் புத்தகம்

பொறி நன்றாக ஓடும் நாளில் அதன் அளவுகளை எழுதிவைத்தல் வேண்டும்: அறையின் வெப்பநிலை, வெளிக்காற்றின் வெப்பநிலை, உலர்த்தியின் முன்னும் பின்னும், திரும்பு குழாய், மானிகள் நிலையாகப் பொருத்தியிருந்தால் இரண்டு அமுக்கங்கள். வாரத்துக்கொருமுறை, ஒரே நேரத்தில், கதவு திறந்து அரை மணித்தியாலம் கழிந்தபின் எழுதுக. உலர்த்தியின் பின்பக்கம் முன்பக்கத்திலும் ஒரு பாகை, பின்னர் ஒன்றரை, பின்னர் இரண்டு எனப் பிரிந்து செல்வது புத்தகத்திலேயே தெரிந்துவிடும். அறையின் வெப்பமானி ஏறுவதற்குச் சில வாரம் முன்னரே தெரிதலும் கூடும். புத்தகத்தை அறைக்குள் வைத்தால் ஈரத்தில் நைந்துவிடும். கதவுக்கு வெளியே, பென்சில் கட்டிய கயிற்றோடு, ஆணியில் தொங்கவிடுக.